மாத்திரையோடு 57

இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ அறையை விட்டு வெளியே வந்தபோது கையில் இருந்த தாளில் 57 என்று இருந்தது. இதயத்தின் இடது கீழறை, தன்னிடம் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் 'பம்பிங்' என்பார்கள். 55ம் அதற்கு மேலும் என்றால் நார்மல். மூன்றரை வருடத்துக்கு முன்னால், மகள் பிறந்த பதினோராம் நாள், இதே இடத்தில் 28 என்று எழுதியிருந்தது.

காரில் ஏறியதும் என் கணவர் தாளை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. இரண்டு பேர் மனதிலும் ஓடியது ஒன்றுதான் என்று அன்றைக்கு ராத்திரிதான் தெரிந்தது. "இன்னொண்ணு யோசிக்கலாமா?" என்று கேட்டது அவர் இல்லை, நான்தான்.

அந்தக் கேள்வியோடு நாங்கள் ஒரு வருடம் குடித்தனம் நடத்தினோம். அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பதினோரு நாள். பிள்ளை பெற்றவளுக்கு மூச்சு வாங்கும், கால் வீங்கும், தூக்கம் இருக்காது, நாலு படி ஏறினால் உட்காரத் தோன்றும். எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இந்த நோய் ஒளிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் வேறு கிடையாது. எனக்கு ஐந்தாம் நாள் வறட்டு இருமல் வந்தது. படுத்தால் இருமும், எழுந்து உட்கார்ந்தால் அடங்கிவிடும். தலையணை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, எட்டாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். போய்க் காட்டினோம். தூக்கமில்லை, ரத்தம் குறைவு, முதல் பிள்ளை, அதனால் பதற்றம் என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு திரும்பி வந்தோம். பதினோராம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, யாரோ தண்ணீருக்குள் முக்கிப் பிடித்த மாதிரி விழித்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் நிறையக் காற்று இருந்தது, உள்ளேதான் வரவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் நீர் கோத்திருந்தது.

பெரிபார்ட்டம் கார்டியோமையோபதி என்று பெயர் சொன்னார்கள். கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்திலோ, பிரசவம் முடிந்து வரும் மாதங்களிலோ, வேறு காரணம் எதுவும் தென்படாமல் இதயத்தசை தளர்ந்து பம்பிங் 45க்குக் கீழே இறங்குவது. 1971ல் டெமாகிஸ், ரஹீம்தூலா முதலான மருத்துவர்கள் இதற்குக் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் என்று எல்லை போட்டார்கள். பிற்பாடு அந்த எல்லையைத் தளர்த்திவிட்டார்கள். சந்தேகம் வந்துவிட்டால் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் என்டி-ப்ரோபிஎன்பி என்ற பொருளுக்கு ஒரு பரிசோதனை, அப்புறம் ஒரு எக்கோ. எட்டாம் நாளே இரண்டையும் செய்திருக்கலாம். இதை எழுதும்போது இப்போதும் கொஞ்சம் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒரு பெண் சொன்னால் அது அசதி இல்லை. இந்தக் கட்டுரையில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

ஐசியூவில் எனக்கு ப்ரோமோகிரிப்டின் கொடுத்தார்கள். பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோன் சிலருக்கு உடைந்து, அதன் ஒரு துண்டு இதயத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது என்று 2007ல் ஒரு ஆய்வு காட்டியது. அந்த ஹார்மோனையே நிறுத்திவிடும் மருந்து இது. எல்லா டாக்டர்களும் கொடுப்பதில்லை, எனக்குக் கொடுத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கூடவே ஊசியும் போட்டார்கள். நான்கு நாளில் பால் வற்றியது. அதுவரை கல்லாகக் கனத்த மார்பு, ஒரு காலையில் வெறும் தோலாக இருந்தது. வீட்டில் பாட்டில் பால் குடித்துக்கொண்டிருந்த மகளுக்கு அது தெரியாது. அவள் குடித்தாள், தூங்கினாள், எடை கூடினாள். எனக்குத்தான் அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நான் கேட்டதில் இதற்கும் பங்கு உண்டு என்று ரொம்ப நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டேன். நான் கேட்டது இன்னொரு பிள்ளை மட்டும் இல்லை. அந்தப் பதினோரு நாளை ஒழுங்காக இன்னொரு தடவை வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

மீண்டு வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். 28, 36, 44, 52. ஒரு வருடத்துக்குள் அவ்வளவு ஏறியது, மிச்சம் மெதுவாக. இந்த நோயில் இதயம் திரும்பி வருவது அபூர்வம் இல்லை. 2015ல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில் 100 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு வருட முடிவில் 72 சதவீதம் பேருக்குப் பம்பிங் 50ஐத் தொட்டுவிட்டது. தொடக்கத்திலேயே 30க்குக் கீழே இருந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. நான் அந்தக் கூட்டத்திலிருந்து தப்பி வந்தவள்.

சரி, கேள்விக்கு வருவோம்.

கர்ப்பமும் இதயமும் சேர்ந்த விஷயத்தைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனோம். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்போ என்ன கருத்தடை பயன்படுத்துறீங்க?" நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஐசியூவிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது உப்பைக் குறை, தினமும் எடை பார் என்றெல்லாம் சொன்னவர்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை. நாங்களாக ஏதோ பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். "முதல்ல அதைச் சரிபண்ணுவோம். முடிவு நீங்க எடுக்கணும், உங்களைக் கேக்காம அது நடந்துடக் கூடாது" என்றார். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம், ரத்தம் உறையும் ஆபத்து கூடும், காப்பர் டி போட்டுக்கொள்ளலாம் என்றார். இன்னொரு பிள்ளைக்கு வழி கேட்கப் போனவள் காப்பர் டியோடு திரும்பினேன். அன்றைக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு யோசித்தால், அந்த ஒரு வருடம் நிதானமாக யோசிக்க முடிந்ததே அதனால்தான்.

அவர் எதையும் ஒளிக்கவில்லை. இதயநோய் உள்ள பெண்களின் கர்ப்பத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் ஒரு தர வரிசை இருக்கிறது. இந்த நோய் வந்து பம்பிங் முழுதாகத் திரும்பாதவர்கள் நான்காம் வகுப்பு, அதாவது கர்ப்பமே கூடாது என்ற இடம். திரும்பியவர்கள் மூன்றாம் வகுப்பு. ஆபத்து கணிசமானது, ஆனால் கதவு அடைபடவில்லை. 57 என்னை மூன்றில் உட்கார வைத்தது.

அடுத்து 2001ல் எல்கயாம் குழுவினர் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். இந்த நோய் வந்து, பிறகும் கருத்தரித்த 44 பெண்கள். அதில் 28 பேருக்கு அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே பம்பிங் 50க்கு மேல் வந்திருந்தது. 16 பேருக்கு வரவில்லை. அந்த 16 பேரில் 3 பேர் இறந்துபோனார்கள். 28 பேரில் ஒருவரும் இறக்கவில்லை, ஆனால் 21 சதவீதம் பேருக்கு இதயம் செயலிழக்கும் அறிகுறிகள் திரும்ப வந்தன. விழுந்த பம்பிங் எல்லாருக்கும் முழுதாகத் திரும்பவும் இல்லை.

ஒரே அறையில் ஒரே மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதைக் கேட்டோம். எனக்குக் காதில் விழுந்தது 'ஒருவரும் இறக்கவில்லை' என்பது. கணவருக்கு விழுந்தது 21. வீட்டுக்கு வந்து சண்டை போட்டோம். ஐந்து பேரில் நாலு பேருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றேன். "உன்னை நாற்காலியில உட்கார்ந்து தூங்கப் பார்த்தவன் நான். நீ தூங்கிட்ட, நான் தூங்கல" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. எங்களுக்குள் எண்ணில் தகராறு இல்லை, அந்த எண்ணைச் சுமக்கப் போவது யார் என்பதில்தான் தகராறு. எனக்கு ஒன்று ஆனால் மிச்ச வாழ்க்கையை வாழப் போவது அவரும் மகளும். என் உடம்பு, என் முடிவு என்று சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. சொல்லியும் பார்த்தேன். சொன்ன பிறகு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றி எழுதினால் நீளும். அத்தை, "டாக்டரே நார்மல்னு சொல்லிட்டாங்களாமே, அப்புறம் என்னம்மா? ஒத்தைப் பிள்ளையா வளரணுமா அது?" என்றார். என் அம்மா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள். இரண்டு பேர் சொன்னதும் அன்புதான், இரண்டும் எனக்கு உதவவில்லை. மகள் தன் பங்குக்கு, பள்ளியில் எல்லாருக்கும் பாப்பா இருக்கிறது, நமக்கு எப்போது என்று கேட்டாள். கேட்டுவிட்டு மறந்துபோனாள். நான் மறக்கவில்லை.

டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் வரிசையில் ஒரு பெண் பழக்கமானார். அவருக்கும் இதே நோய், பம்பிங் முழுதாகத் திரும்பியிருந்தது. இரண்டாவதாகக் கருத்தரித்து, நல்லபடியாகப் பெற்று, கைக்குழந்தையோடு வந்திருந்தார். அந்தக் குழந்தையின் உள்ளங்காலை நான் தொட்டுப் பார்த்தேன். அவருக்கு நடந்தது எனக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது, நடக்காது என்றும் சொல்ல முடியாது. இதைப் படிக்கும் ஒருவர் அவர் இடத்தில் இருக்கலாம். என் முடிவை யாருக்கும் வழிகாட்டியாக எழுதவில்லை என்பதற்காகவே அவரைச் சொல்கிறேன்.

இரண்டாம் சந்திப்பில் டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு நீளக் கோடு வரைந்தார். இடது ஓரத்தில் 'மருந்து நிறுத்தம்'. நடுவில் கர்ப்பத்தின் மாதங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எக்கோ, ஒரு ரத்தப் பரிசோதனை. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40, 50 சதவீதம் வரை கூடும், அத்தனையையும் இதயம்தான் சுற்றிவிட வேண்டும், அதனால் ஏழாம் மாதத்தையொட்டி நெருக்கிப் பார்ப்போம் என்று அங்கே மூன்று புள்ளி வைத்தார். பிரசவத்தோடு கோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. கர்ப்பப்பை சுருங்கும்போது அங்கிருந்த ரத்தமெல்லாம் ஒரே மூச்சில் இதயத்துக்குத் திரும்பும், அந்த நேரமும் அடுத்து வரும் வாரங்களும்தான் உங்களுக்குக் கண்டம் என்று சொல்லி, தாளின் விளிம்புவரை கோட்டை இழுத்தார். அந்தச் சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

நான் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரல் இடது ஓரத்தில் நின்றது. "இந்த 57 யாரோடது?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "உங்களோடதா, எனலாப்ரிலோடதா?"

இவ்வளவு நாள் நான் யோசிக்காத இடம் அது. மூன்றரை வருடமாகக் காலையும் இரவும் அந்த மாத்திரையைப் போட்டுவருகிறேன். கர்ப்பத்தில் அதற்கு இடமே இல்லை. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பனிக்குட நீர் வற்றிப்போகும். இதயத்துக்குக் கொடுக்கும் இன்னும் சில முக்கிய மருந்துகளும் அப்படித்தான். மெட்டோப்ரோலால் போன்ற ஒன்றிரண்டைத்தான் தொடரலாம். ஆக, கர்ப்பத்தைச் சுமக்கப் போவது நான் பெருமைப்பட்டுக்கொண்ட 57 இல்லை. மாத்திரையைப் பிடுங்கிய பிறகு மிஞ்சுகிற எண். அது என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது.

நார்மல் என்ற சொல்லுக்குள் இப்படி ஒரு மடிப்பு இருக்கிறது. 2019ல் வெளியான ஒரு ஆய்வை டாக்டர் சொன்னார். அது பிரசவத்தோடு வரும் இதயநோயைப் பற்றியது இல்லை, இதயம் விரிந்து தளரும் பொதுவான நோயிலிருந்து மீண்டவர்களைப் பற்றியது. 51 பேர், எல்லாருக்கும் பம்பிங் நார்மல், அறிகுறி எதுவும் இல்லை. பாதிப் பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. "உங்க நோய் வேற, உங்களுக்கு இதைவிட நல்லா இருக்கலாம். ஆனா நிறுத்திப் பார்க்காம தெரியாது" என்றார்.

முறை இதுதான்: எனலாப்ரிலை அவர் சொல்கிற விதத்தில் குறைத்து நிறுத்துவது, காப்பர் டி அப்படியே இருக்கட்டும், குறைந்தது மூன்று மாதம் கழித்து எக்கோ. தாங்கினால் டிரெட்மில்லில் ஓடவிட்டு இன்னொரு எக்கோ, அதன்பிறகு மற்றப் பேச்சு. நடுவில் தினமும் எடை, மூச்சு, கால் வீக்கம் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால் என் தலையில் நானே அடித்துக்கொள்வேன். இது மருத்துவர் கண்காணிப்பில் நடந்த ஒரு சோதனை.

கணவர் சம்மதித்ததுதான் எனக்கு ஆச்சரியம். "இது பிள்ளைக்கு இல்ல, தெரிஞ்சுக்கறதுக்கு" என்றார்.

அந்த மூன்று மாதமும் நான் நன்றாகவே இருந்தேன். படியேறினேன், மகளைத் தூக்கினேன், ஒரு தலையணையில் தூங்கினேன். பெயர்கூட யோசித்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

எக்கோ அறை எப்போதும் இருட்டாக இருக்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். ஜெல் சில்லென்று பட்டது. விலா எலும்புக்கு நடுவே கருவியை அழுத்தி, "மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்றார் அந்தப் பெண். இத்தனை வருடத்தில் திரையைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். அறை நிரம்பி விரிந்த நொடியில் படத்தை நிறுத்தி, உள்சுவர் ஓரமாகப் புள்ளி புள்ளியாகக் கோடு இழுப்பார்கள். சுருங்கிய நொடியில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்துதான் அந்த எண் வரும். அவர் இழுத்தார். திரையின் மூலையில் 44 வந்தது. ஒன்றும் சொல்லாமல் அழித்துவிட்டு மறுபடி இழுத்தார், 47. என்னைப் பார்க்கவில்லை. முதலில் எல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே செய்கிறவர் அவர், பாப்பா எப்படி இருக்கிறாள், எந்த வகுப்பு என்று. அன்றைக்குப் பேச்சு நின்றுபோனது. "மேடத்தைக் கூப்பிடறேன்" என்று எழுந்து போனார்.

அளப்பவர் மாறினாலே எண் ஐந்து வரை முன்னே பின்னே போகும், அது எனக்குத் தெரியும். டாக்டர் வந்து தானே அளந்தார். 46. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. பதினோரு புள்ளி இறங்கியிருந்தது. என் உடம்பு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அன்று ராத்திரியே எனலாப்ரில் மறுபடி ஆரம்பித்தது. முடிவு எடுத்தோம் என்று சொல்வதற்கு அங்கே பெரிதாக எதுவும் மிச்சம் இல்லை. இருந்தாலும் 'மருந்தை இன்னும் கொஞ்ச நாள் போட்டுவிட்டுத் திரும்ப முயன்று பார்த்தால்?' என்று நான் கேட்காமல் இல்லை. கேட்டேன். "கேக்கலாம். ஆனா சும்மா இருந்தப்பவே 46க்குப் போன இதயம் இது. சுமையோட எங்க போகும்னு நான் பார்க்க விரும்பல" என்றார் டாக்டர். அவர் கூடாது என்ற சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. அதற்காக அவருக்கு நன்றி.

அழுதேன், சில வாரம். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது கூடவே வந்த நிம்மதி. அதை வெளியே காட்ட வெட்கமாக இருந்தது. அத்தையிடம் கணவரே போய்ச் சொன்னார். அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என்னிடம் வந்து, "ராத்திரி மாத்திரையைப் போட்டியா?" என்று கேட்டார். அதன்பிறகு தினமும் கேட்கிறார். தத்தெடுப்பதைப் பற்றி நாங்கள் பேசியிருக்கிறோம். அது கிடைக்காததற்கு மாற்றாக இருக்கக் கூடாது என்பதால் இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது. 2016ல் வந்த ஒரு ஆய்வு, இந்த நோய் வந்த 172 பெண்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு இதயத்தசை சம்பந்தப்பட்ட மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டது. பெரும்பாலும் டைட்டின் என்ற புரதத்துக்கான மரபணுவில். எனக்கும் சோதித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மகளுக்காக. இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு எண்ணோடுதான் என்னால் குடித்தனம் நடத்த முடிகிறது.

போன மாதம் மறுபடி எக்கோ. மாத்திரை தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. வெளியே வந்து காரில் ஏறினேன். வண்டியைக் கிளப்பி, தெருவைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு?" என்றார்.

"55."

எனக்குள் அந்தக் கணக்கு மெல்ல எழுந்து உட்கார்ந்தது. 55 என்றால் நார்மல், நார்மல் என்றால் மூன்றாம் வகுப்பு.

"மாத்திரையோட" என்றார்.

"மாத்திரையோடதான்" என்றேன்.